முதல் பிடி மண்

ஆழ்வார்குறிச்சியில் குரங்கு செத்தால், அதைப் போர்த்தும் கோடித் துணி நெல்லையப்பன் வீட்டிலிருந்துதான் போகும். முதல் பிடி மண்ணை அந்த வீட்டு மூத்த மகன் போட வேண்டும். நான்கு தலைமுறையாக அந்த முறை கைமாறியதில்லை.

அன்று காலை ஒரு தாய்க்குரங்கு மின்கம்பியில் அடிபட்டு விழுந்தது. மூத்தவன் காந்திமதிநாதன் விடுப்பில் ஊருக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. போர்னியோ தீவில் பாமாயில் தோட்ட மேனேஜர். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவன் கையால் மண் விழப்போகிறது என்று நெல்லையப்பன் வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு கோடித் துணியோடு புறப்பட்டார்.

கடனாநதிக் கரையில் குழி தயாராக இருந்தது. அந்த முறைக்கு வெகுநாளாகக் காத்திருக்கும் மேலத்தெரு பாபநாசம் சும்மா இருக்கவில்லை.

"ரேஷன் கடையில தட்டுப்பாடில்லாம பாமாயில் கிடைக்கின்னா அண்ணாச்சி மகன் புண்ணியம்லா. அனுமாருக்கும் ரெண்டு சொட்டு விடச் சொல்லும்வே."

சிலர் சிரித்தார்கள். நெல்லையப்பன் திரும்பவில்லை. "ஏலே, நான் துணியைப் போர்த்துதேன். நீ மண்ணை எடு."

மகனின் கை எழவில்லை.

"ஊரு பாக்குது. எடுலே."

"என்னால முடியாதுப்பா."

அவர் குரலைத் தாழ்த்தினார். "வெயில்ல தலை சுத்துதுன்னு சொல்லிருதேன். பைய வீட்டுக்குப் போ. நான் போட்டுக்கிடுதேன்."

அவன் போகவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"அங்கன காட்டை வெட்டி எரிச்சுத்தான் எண்ணெய்ப்பனை நட்டோம். காட்டுல இருந்த ஒராங்குட்டான் குரங்குக்குத் திங்க ஒண்ணுமில்ல. பனங்குருத்தைத் திங்க வந்துச்சு. சுடச் சொல்லி உத்தரவு. கையெழுத்து என்னோடது. மனுசன் மாதிரி இருக்கும்பா. ஒண்ணு குட்டியை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டே விழுந்துச்சு."

பாபநாசத்தின் கண் கோடித் துணிமேல் நின்றது. பையனுக்குக் காய்ச்சல், ஏதோ உளறுகிறான் என்று நெல்லையப்பன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் நம்பும். ஆனால் அடிவானம் வரை வரிசை பிசகாமல் நின்ற எண்ணெய்ப்பனைகளின் படத்தைப் போன வருஷம் வீடு வீடாகக் காட்டியவர் அவர்தான். அங்கே முன்பு என்ன நின்றது என்று யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

துணியை இரு கையாலும் எடுத்துப் பாபநாசத்திடம் நீட்டினார்.

"இனி உம்ம வீட்டு முறை."

பாபநாசம் கையை நீட்டத் தயங்கினார். "அண்ணாச்சி, எங்க வீட்டுச் சட்டியிலயும் அந்த எண்ணெய்தான் காயுது."

"அது உம்ம பாடு. என் வீட்டுல குத்தம் இருக்கையில இது என் வீட்டுல இருந்து போகக் கூடாது. பிடியும். வெயில் ஏறுது."

பாபநாசம் துணியை வாங்கிக்கொண்டார். நெல்லையப்பன் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் கடைசி வரிசைக்கு நடந்தார். முதுகு வளையாமல் அங்கேயே நின்றார். குழியில் முதல் பிடி மண் விழும் சத்தம் கேட்டது.