இடது கால்

காலைக் கழுவிக்கொள்ளப் போவதற்கு முன்னால் காலைக் கழுவிவிட்டுப் போக வேண்டும். இது எங்கள் ஊர்ச் சட்டம். பெரிய வியாழன் சாயங்காலப் பூசையில், ஆண்டவர் தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, சாமியார் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்கார வைத்துக் கால் கழுவுவார். வயலில் கிடந்த காலை அப்படியே கொண்டுபோய் அவர் கையில் கொடுக்க முடியுமா? அதனால் அன்று காலையிலேயே பன்னிரண்டு வீட்டிலும் தேய்ப்புத் தொடங்கிவிடும். தேய்ப்பது யார் என்று கேட்கிறீர்களா? வேறு யார், பெண்டாட்டிகள்தான்.

என் வீட்டுக்காரர் சந்தியாகு ஒவ்வொரு வருஷமும் அந்தப் பன்னிரண்டில் ஒருவர். அதிலும் முதல் நாற்காலி, சீடர்களுக்குத் தலைவரான இராயப்பர் நாற்காலி. பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அது ஒரு பதவி மாதிரி. வெந்நீரில் கல்லுப்புப் போட்டு அவர் காலை ஊறவைப்பேன். பீர்க்கங்கூட்டால் தேய்த்து, வெடிப்பில் ஏறியிருக்கும் களிமண்ணைத் தீக்குச்சியால் நோண்டி எடுத்து, நகம் வெட்டி, தேங்காயெண்ணெய் தடவி அனுப்புவேன். சாமியார் கழுவுவதென்னவோ வலது காலை மட்டும்தான். ஆனால் நான் இரண்டையும் தேய்ப்பேன். ஒன்று பளபளவென்றும் மற்றது எருமைக்கால் மாதிரியும் இருந்தால் யாருக்குக் கேவலம்? பூசை முடிந்ததும், "சந்தியாகு காலப் பாரு, கல்யாண மாப்பிள்ள காலு மாதிரி இருக்கு" என்று ஊரே சொல்லும். அவர் மீசையைத் தடவிக்கொள்வார். தேய்த்தவளை யாரும் கேட்டதில்லை.

இந்த வருஷம் புதுச் சாமியார் வந்தார். வயசு சின்னது, பேச்செல்லாம் ஆதிக் கிறிஸ்தவர்களைப் பற்றி. எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து செபம் சொல்கிற அன்பியக் கூட்டம் தவக்காலத்தில் எங்கள் வீட்டில் நடந்தது. அதற்கும் வந்தார்.

"மொதக் கிறிஸ்தவங்களுக்குக் கோயிலே கெடையாது. வீட்டுலதான் கூடுவாங்க. எத்தனையோ எடத்துல வீட்டுக்காரம்மாதான் கூட்டத்தையே நடத்துனாங்க. புனித சின்னப்பர் ரோமாபுரிக்கு எழுதுன கடிதத்த ஒரு பொம்பளகிட்டதான் குடுத்தனுப்புனாரு" என்றார்.

என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "அந்தச் சின்னப்பர்தான ஃபாதர், பொண்டாட்டி புருசனுக்கு அடங்கி நடக்கணும்னாரு?"

ஆம்பிளைகள் எல்லாம் சிரித்தார்கள். சாமியாரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "ஆமா, சொன்னாரு. அதுக்கு முந்துன வரியில என்ன இருக்கு? ஒருத்தருக்கொருத்தர் அடங்கி நடங்கன்னு இருக்கு. பிந்துன வரியில? புருசன் பொண்டாட்டிக்காக உசிரையே குடுக்கணும்னு இருக்கு. நீங்க நடு வரிய மட்டும் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கீங்க."

டீத்தட்டோடு கதவோரம் நின்ற எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது சாமியார் ஒன்று சொன்னார். இந்த வருஷம் பன்னிரண்டு பேரில் ஆறு பேர் பெண்கள். ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் ஒரு ஆண், ஒரு பெண்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்தான். எங்கள் அன்பியத்தில் என்னை விட்டால் யார்? கோயிலைக் கூட்டுகிறவள் நான். பீடத்துக்குப் பூக்கட்டுகிறவள் நான். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வேதத்தில் இருக்கிற குடும்பம். பீரோவில் கிடந்த ஊதாப் பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் காட்டினேன். என் ஆசை பெரிசு ஒன்றும் இல்லை. வாழ்நாள் பூரா குனிந்தே கிடந்தவள் முன்னால் ஒரே ஒரு நாள் யாராவது ஒருத்தர் குனிய வேண்டும்.

பெரிய வியாழனுக்கு முந்தின குருத்து ஞாயிறன்று பூசை முடிந்ததும் பெயர்களை வாசித்தார்கள். எங்கள் அன்பியம்: சந்தியாகு, சுடர்விழி.

சுடர்விழியா! என் காது அடைத்துவிட்டது. அவள் என் ஓரகத்தி, கொழுந்தன் துரைராசுவின் பெண்டாட்டி. தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்காக வேதத்தில் சேர்ந்தவள். ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் இன்னும் காயவில்லை, அவளுக்கு நாற்காலி! முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைத்ததாம். பழமொழி சொன்னவன் என் வீட்டுத் திண்டாட்டத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பான்.

பொறாமையா என்றால் பொறாமைதான். மூடி மறைப்பானேன்? நாற்காலி கிடைத்ததற்கு மட்டும் இல்லை, அவளுக்கு வாய்த்ததற்கெல்லாம் சேர்த்துத்தான். அவளுக்கு நைட் டூட்டி என்றால் துரைராசு சோறாக்குவான். ராத்திரி என்னிடம் வந்து தூங்குகிற பெண்ணுக்கு விடிந்ததும் சடை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்புவான். அவள் புடவையைக்கூடக் கொடியில் அவன்தான் காயப்போடுவான். "என்ன துரைராசு, அந்தப் பொடவைய நீயே கட்டிக்கயேன்" என்று ஒருநாள் குத்தலாகச் சொன்னேன். "குடுங்க அண்ணி, கட்டிக்கிறேன்" என்று சிரித்துவிட்டான். கேலி பண்ணின நான்தான் உள்ளே வந்து, அடுப்பை விட அதிகமாக எரிந்துகொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் சுடர்விழியே வீட்டுக்கு வந்தாள். "அக்கா, நீங்க உக்கார வேண்டிய எடம் அது" என்றாள்.

எப்படி இருக்கிறது பாருங்கள்! வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிறாள் என்று நினைத்தேன். "எனக்கென்னடி கொறச்சல், நான் தரையிலயே உக்காந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். "ஏங்க, ஃபாதர் என்னப் பத்தி ஒண்ணும் கேக்கலயா?"

"ஒன்னப் பத்திக் கேக்க என்ன இருக்கு? கொழம்ப ஊத்து" என்றார்.

பெரிய வியாழன் விடிந்தது. எங்கள் வீட்டுக்கும் துரைராசு வீட்டுக்கும் நடுவில் ஒரே அடிபம்புதான். குடத்தை எடுத்துக்கொண்டு போனால், அங்கே சுடர்விழி கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். துரைராசு கீழே குத்துக்காலிட்டு, அவள் பாதத்தைத் தொடை மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். "ஐயோ கூசுது, விடுங்க" என்று அவள் சிரிக்கிறாள். ஷூவுக்குள்ளேயே இருக்கிற நர்ஸ் காலில் தேய்ப்பதற்கு என்ன இருக்கிறது? என் கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். கோடை நெல்லுக்குக் களை பறித்துப் பறித்து வெந்துபோய்க் கிடக்கிறது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து நானேதான் பூசிக்கொள்கிறேன். என்னவென்று திரும்பிப் பார்க்க ஆளில்லை. குடத்தை நிரப்பாமலே திரும்பிவிட்டேன்.

வீட்டில் அவர் வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிக்கொண்டிருந்தார். "என்னடி, தண்ணி காயலயா?"

"இன்னிக்கு நீங்களே தேச்சுக்கங்க."

"என்னாது?"

"ஒங்க தம்பி தம் பொண்டாட்டிக்குத் தேச்சு விடுறாரு. நான் அப்படியெல்லாம் கேக்கல. ஒங்க கால நீங்க தேச்சுக்கங்க, போதும்."

"அவனெல்லாம் ஒரு ஆம்பளையா?"

"அத அவதான் சொல்லணும். மொகத்தப் பாத்தா கொறையிருக்கிற மாதிரி தெரியல."

அவருக்கு மூக்கு சிவந்துவிட்டது. "திமிரு! பொண்டாட்டி அடங்கி நடக்கணும்னு வேதத்துலயே..."

"முந்துன வரியப் படிச்சுட்டு வாங்க, பேசலாம்" என்று சொல்லிவிட்டு, வெந்நீர், பீர்க்கங்கூடு, எதையும் எடுத்துக் கொடுக்காமல் கோயிலுக்குப் பூக்கட்டப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது வலது கால் மட்டும் ஏதோ சுமாராக வெளுத்திருந்தது. இடது கால் வயலில் இருந்து வந்த மேனிக்கு அப்படியே இருந்தது. "ஃபாதர் வலது காலத்தான கழுவப்போறாரு" என்றார்.

சாயங்காலம் பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி. முதலில் என் வீட்டுக்காரர். பக்கத்தில் சுடர்விழி, மாம்பழக்கலர் புடவையில். நான் பெண்கள் பக்கம் தரையில், நடைபாதை ஓரம் உட்கார்ந்தேன். சாமியார் மேலங்கியைக் கழற்றிவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முழங்காலிட்டார். வலது காலைக் கழுவித் துடைத்து முத்தமிட்டார். என் வீட்டுக்காரர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"இன்னொரு காலு?" என்றார் சாமியார்.

"எப்பவும் ஒண்ணுதான் ஃபாதர்."

"ஆண்டவர் ஒண்ணோட நிறுத்தலியே. குடுங்க."

அவர் இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து வேட்டிக்குள் மறைத்தார். "வேணாம் ஃபாதர், வேணாம்."

"ஆண்டவர் கழுவ வந்தப்ப இராயப்பரும் இதையேதான் சொன்னாரு" என்றார் சாமியார். கோயிலே சிரித்தது. வேறு வழியில்லாமல் இடது கால் வெளியே வந்தது. ஒரு ஊற்று ஊற்றியதும் பேசினில் வாய்க்கால் தண்ணீர் ஓடியது. "சந்தியாகு, வயலையே பேத்துக் கொண்டாந்துட்டியா?" என்று ஆம்பிளைகள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. சாமியார் வேறு தண்ணீர் கேட்டு வாங்கி நிதானமாகக் கழுவினார். என் வீட்டுக்காரர் தலை நிமிரவில்லை. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்லக் கூடாது, கோயிலில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் குளிர்ச்சி ஒரு நிமிஷம்தான். அடுத்தது சுடர்விழி. அவள் முன்னால் சாமியார் முழங்காலிட்டதும் அவள் அழுதுவிட்டாள். நான் உட்கார்ந்திருந்தால் நானும் அப்படித்தான் அழுதிருப்பேன். என் அழுகையைக்கூட அவள் பிடுங்கிக்கொண்டாள் என்று தோன்றியது.

பன்னிரண்டு பேருக்கும் கழுவி முடித்துவிட்டு சாமியார் எழுந்தார். "கழுவிட்டு ஆண்டவர் என்ன சொன்னாரு? நீங்களும் ஒருத்தர் கால ஒருத்தர் கழுவுங்கன்னாரு. அதனால பன்னெண்டு பேரும் எந்திரிங்க. ஒங்களுக்காகத் தினம் யாரு குனியுறாங்களோ, அவங்க முன்னாடி போய் ஒருவாட்டி குனியுங்க."

கோயிலில் சலசலப்பு. பேசினும் துண்டும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் பேசினைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் இறங்கி வந்தார். என் பக்கமாகத்தான் வந்தார். புடவையை விலக்கி, புண்ணாவது ஒன்றாவது என்று இரண்டு காலையும் முன்னால் நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். ஆம்பிளைகள் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டிப் போய், கோயில் நிர்வாகம் பார்க்கிற பங்குப் பேரவைத் தலைவர் ரெத்தினத்தின் முன்னால் உட்கார்ந்தார். ரெத்தினத்தின் கால் வெள்ளைவெளேரென்று இருந்தது. அவர் பெண்டாட்டி தேய்த்த கால். கழுவின காலையே என் வீட்டுக்காரர் திரும்பக் கழுவினார்.

நீட்டின காலை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது என் முன்னால் ஒரு பேசின் வந்து இறங்கியது.

"அக்கா, காலக் குடுங்க." சுடர்விழி முழங்காலிட்டிருந்தாள். பின்னால் துரைராசு செம்போடு நின்றான்.

"ஒம் புருசனுக்குப் போய்க் கழுவுடி. அவருதான ஒனக்குக் குனியுறாரு" என்றேன்.

"அவருதாங்க்கா ஒங்ககிட்ட போகச் சொன்னாரு. எனக்கு நைட் டூட்டின்னா எம் பொண்ணு ஒங்க வீட்டுலதான தூங்குது" என்றாள். வலது காலை அவளே எடுத்துப் பேசினில் வைத்தாள். விரலிடுக்கைப் பார்த்ததும் அவள் கை நின்றது. பிறகு மெதுவாக, ஆஸ்பத்திரியில் செய்கிற மாதிரி, ஒவ்வொரு விரலாக விலக்கிக் கழுவினாள். "இதுக்குப் போயா வேணாம்னீங்க? புண்ணுன்னா என்னக்கா அவமானம்?"

"நான் எங்கடி வேணாம்னேன்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஃபாதர் மொதல்ல ஒங்களத்தான சொன்னாரு. கால் பூரா புண்ணு, நாலு பேரு முன்னாடி காட்ட வெக்கப்படுறா, வேற ஆளப் பாருங்கன்னு சந்தியாகு மாமா சொல்லிட்டாராம். அதுக்கப்பறம்தான் என்னக் கேட்டாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

இத்தனை நாளும் யாரைப் பார்த்து எரிந்தேன், எரிந்திருக்க வேண்டியது யாரைப் பார்த்து! கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதற்காக அவள் மேல் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். துரைராசு செம்பைச் சாய்த்துத் தண்ணீர் விட்டதைப் பார்க்கப் பார்க்க இன்னும் கூடத்தான் செய்தது. ஆனால் அவள் கை பட்ட இடம் எரியவில்லை.

வலது காலைத் துடைத்துவிட்டு இடது காலுக்குக் கை நீட்டினாள். நான் இழுத்துக்கொண்டேன்.

"இது இருக்கட்டும் சுடரு."

"ஏங்க்கா?"

"இருக்கட்டும்."

பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவர் வேட்டியை மாற்றிக்கொண்டு, கேவலம் தாங்காமல் பொருமினார். "ஒன்னாலதாண்டி இன்னிக்கு ஊரே சிரிச்சுது!"

அடுப்பில் வெந்நீர் வைத்தேன். கல்லுப்புப் போட்டேன். இறக்கிக் கொண்டுவந்து ஸ்டூலுக்கு முன்னால் வைத்தேன். கோபம் தீர்ந்துவிட்டது, காலையில் தேய்க்காததை இப்போது தேய்க்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் ஸ்டூலை நோக்கி வந்தார். அவர் உட்காருவதற்கு முன்னால் நான் உட்கார்ந்தேன். இடது காலை நீட்டினேன்.

"என்ன இது?"

"நான் வெக்கப்படுறேன்னு ஃபாதர்கிட்ட சொன்னீங்களாமே. வலது காலு போயிருச்சு. இத ஒங்களுக்குன்னு வெச்சிருக்கேன்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! யார் சொன்னது என்று கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. வாசலைப் பார்த்தார். கதவு சாத்தித்தான் இருந்தது. இங்கே பார்ப்பதற்கு ரெத்தினமும் இல்லை, ஊரும் இல்லை. என் விரலிடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். வெந்நீர் ஆறத் தொடங்கியது. நான் காலை இறக்கவில்லை. விடியும்வரை ஆனாலும் இறக்குவதாக இல்லை.

கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்தப் பீர்க்கங்கூடு எங்கடி வெச்சிருக்க?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது ஒரே ஆணியில்தான் தொங்குகிறது.

"தேடுங்க" என்றேன்.