அக்கரைத் தெரேசியா

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பக்கத்து வீட்டு ரோசினா கிரிசிட்ஸ் பூசணி விதை உரித்தபடி சொன்னது. கேட்கும்போதே தமிழில் எழுதிவிட வேண்டும் என்று எனக்குக் கை அரித்தது, அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: பின்கா ஆறு வளைந்து வளைந்து எல்லையைப் பலமுறை கடக்கும் அந்தப் பள்ளத்தாக்கில், முதல் உலகப்போருக்குப் பின் அதிகாரிகள் கோடு கிழித்தபோது...

வேண்டாம். பள்ளிக்கூட வாசனை அடிக்கிறது. (அடிக்குறிப்பாக மட்டும்: கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆஸ்திரியா, அக்கரையில் ஹங்கேரி. இரண்டு ஊரிலும் ஒரே குரோஷியப் பேச்சு, பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு.)

2

ரோசினாவின் அம்மா தெரேசியா அக்கரைப் பெண். 1947இல் பிறந்த வீட்டுக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்தாள். அங்கேயே கல்லறைத் தோட்டத்து மதிலோரம் புதைத்தார்கள். ரோசினாவுக்கு அப்போது ஒன்பது வயது. அதற்கு முன், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கசகசா ரொட்டி தின்பதற்காகவே அக்கரைக்கு நடந்த ஞாயிற்றுக்கிழமைகளைச் சொல்லும்போது அவள் குரல் இளகிவிடும். சிறுவயதில் நான் நடக்காத பாதை அது. ஆனாலும் எனக்கு ஏக்கமாக இருக்கும்.

பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சியோடு எல்லையில் முள்வேலி வந்தது. அக்கரை தடைப்பகுதி ஆனது. அனுமதி கேட்டுக் கேட்டு அலுத்த அப்பா ஒரு கடிதம் எழுதினார்: தெரேசியா கிரிசிட்ஸின் கல்லறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கரைப் பாதிரியார் அதைப் பூசையில் வாசிக்க, அந்த ஊருக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்திருந்த இலோன்கா பொறுப்பேற்றாள்.

தப்பு நடந்தது இங்கேதான். இரண்டு ஊரிலும் பாதிப் பேர் கிரிசிட்ஸ். கொல்லன் வீடு, மூலை வீடு என்று வீட்டுப் பெயரைச் சொன்னால்தான் ஆள் விளங்கும். தணிக்கைக்காரர்கள் பிரித்துப் படிக்கும் கடிதமாயிற்றே என்று அப்பா பதிவேட்டுப் பெயரை மட்டும் எழுதினார். கல்லறைக் கல்லிலும் வீட்டுப் பெயர் வெட்டும் வழக்கமில்லை.

3

1989இல் வேலியைப் பிரித்த பிறகு, நவம்பர் முதல் நாள், சகல புனிதர் திருநாளன்று, ரோசினா மெழுகுவர்த்தியோடு போனாள்.

"வாடி ரோசி! உங்கம்மாவ எப்படி வச்சிருக்கேன் பாரு!" பெயரைச் சொன்னதும் இலோன்கா கையைப் பிடித்து இழுத்துப்போனாள். கழுவிய கல், சுற்றிலும் சாமந்தி. "நாப்பது வருஷம்! எங்க வீட்டுக்காரர் குடிச்சுட்டு வர்ற நாளெல்லாம் இங்கதான் வந்து உக்காருவேன். என் பொலம்பலக் கேட்டது இவ ஒருத்திதான். செத்தா இவ பக்கத்துலயே போடச் சொல்லிட்டேன்."

கல்லில் இருந்தது: தெரேசியா கிரிசிட்ஸ், மறைவு 1933.

ரோசினா பிறப்பதற்கு ஐந்து ஆண்டு முன்.

அவள் மதிலோரம் திரும்பிப் பார்த்தாள். வெறும் புல். கேட்பாரில்லாத கல்லறைகளை எப்போதோ சமன் செய்திருந்தார்கள்.

4

முடிவு ஒன்று: ரோசினா உண்மையைச் சொல்கிறாள், இருவரும் கட்டிக்கொண்டு... (அடித்துவிட்டேன். சினிமா.)

முடிவு இரண்டு: இலோன்காவுக்கு எல்லாம் முன்பே தெரியும். இதை ரோசினாவிடம் சொல்லிப் பார்த்தேன். சிரித்துவிட்டாள்.

"அவளுக்கா? ஒரு விஷயம் தெரிஞ்சா சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே சொல்லிடுவாடி அவ!"

"அப்ப நீ என்னதான் பண்ணினே?"

"'நல்லா வச்சிருக்கேக்கா'ன்னு சொல்லி மெழுகுவர்த்திய அங்கயே கொளுத்தினேன். வருஷா வருஷம் அங்கதான் கொளுத்தறேன்."

"மதிலோரம் இன்னொண்ணு வைக்கிறதுதானே?"

"'புல்லுல யாரு?'ன்னு கேப்பா. கேட்டா என்னால மறைக்க முடியாது." விதை உரித்த கை நின்றது. "எங்கம்மாவுக்கு இன்னும் ஒண்ணுகூட வைக்கலடி."

அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

5

எழுதட்டுமா என்று கேட்டேன். "உன் பாஷையில எழுதிக்கோ. ரெண்டு ஊர்லயும் படிக்க ஆளில்ல" என்றாள்.

ஆனால் நீங்கள் படித்துவிட்டீர்கள். ஏதோ ஒரு நவம்பரில் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் இலோன்கா உங்களை விடமாட்டாள். இழுத்துப்போய்க் கல்லறையைக் காட்டுவாள். கல்லிலுள்ள அந்த வருடத்தைப் பற்றி வாய் திறப்பதும் திறக்காததும் உங்கள் பாடு. என்னால் முடிவெடுக்க முடியவில்லை.

எதைச் செய்தாலும், இலோன்கா தன் வீட்டுக்குத் திரும்பியபின் மதிலோரப் புல்லில் ஒரு மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வாருங்கள். நானே வைக்கலாம்தான். ஆனால் என்னை அங்கே எல்லோருக்கும் தெரியும். உங்களை யாருக்கும் தெரியாது.