கடலுக்கும் சேர்த்து ரேட்டு

பெண் பார்க்க வீட்டுக்கு வருவதில்லை என்று பையனின் தாய் அருணாசலவடிவு முதலிலேயே சொல்லிவிட்டாள். உப்பளத்துத் தெருவுக்குள் வாடகைக் கார் நுழையாதாம். கடற்கரை ரோட்டில் புதிதாக வந்திருக்கிற மாடி ஓட்டலில் பார்த்துக்கொள்ளலாம், பையனும் ஆபீசிலிருந்து நேரே வந்துவிடுவான் என்று தரகரிடம் சொல்லி அனுப்பினாள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்ட ஒரே ஆள் பெண்ணின் தகப்பன் ராமர்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தூக்கி மனுசனுக்குத் தோளில் காய்ப்பு ஏறியதே தவிர, தலைக்குள் ஒன்றும் ஏறவில்லை என்று அவன் பெண்டாட்டி சங்கரம்மாள் நினைத்தாள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பையன் வெள்ளத்துரைக்குப் புது ஆர்பரில் கிளார்க் வேலை. மகள் பகவதியை இதுவரை உப்பளத்துப் பக்கம் விடாமல் வைத்திருந்தாள். இந்த இடமும் தட்டிப்போனால் அடுத்த சீசனுக்கு அவள் தலையிலும் உப்புப் பெட்டியை ஏற்றத்தான் வேண்டும். அதைத் தடுக்க எதை வேண்டுமானாலும் விழுங்கத் தயாராக இருந்தாள் சங்கரம்மாள்.

"அதே ஜன்னல்தானம்மா?" என்று அருணாசலவடிவைப் பார்த்துக் கேட்டபடி மாடி ஓட்டல் சப்ளையர் மேஜையைத் துடைத்தான். அப்போது யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

ஜன்னலுக்குக் கீழே கடல். பாய் இறக்கிய தோணிகள் ஆடிக்கொண்டு நின்றன. வலப்பக்கம் தள்ளி உப்பளம். சாய்ந்த வெயிலில் உப்பு அம்பாரங்கள் கண்ணைக் கூச வைத்தன.

"எப்பா, என்ன அழகு!" என்றாள் அருணாசலவடிவு. "பொங்கச் சோத்தக் குமிச்சு வச்ச மாதிரில்லா இருக்கு!"

சங்கரம்மாள் காலை மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டாள். காலையில் அந்தப் பொங்கச் சோற்றில் ஏறி இறங்கிய கால். வெடிப்புக்குள் உப்பு புகுந்து இன்னும் எரிந்தது.

பகவதி மெனு கார்டை வாசித்துவிட்டு, "எய்யா, மீன் ஒரு துண்டு பன்னெண்டு ரூவாயாம்" என்று தகப்பன் காதில் முணுமுணுத்தாள். ராமர் சிரிக்கப் பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி, மீனு தங்கத்த முழுங்கிருக்கோ? திரேஸ்புரத்துல இந்தத் துட்டுக்கு முழுச் சீலா மீனே வாங்கலாமே."

"அங்கன சகதியில நின்னு வாங்கணும். இங்கன காத்துக்கும் கடலுக்கும் சேத்துத்தான் ரேட்டு" என்றான் சப்ளையர்.

கடலுக்கு ரேட்டு போட்டவன் எவன் என்று கேட்க வந்த சங்கரம்மாளை ராமர் முழங்கையால் இடித்தான்.

அருணாசலவடிவு தயங்கவேயில்லை. சீலா வறுவல், நண்டு, இறால் பிரியாணி, மகனுக்கு இன்னொரு மீன். பெண் வீட்டார் மூவரும் தங்களுக்கென்று எதுவும் கேட்கவில்லை. வந்தவர்கள் முதலில் கை நனைக்கட்டும் என்று காத்திருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் அது சாதாரணக் காரியமில்லை. பெண் பிடிக்காவிட்டால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுவார்கள். சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம். அதற்கப்புறம் பேச்சு மாறாது.

அருணாசலவடிவு மீனைப் பிட்டு வாயில் போட்டாள்.

"முடிஞ்சிட்டுளா" என்று ராமர் கிசுகிசுத்தான். சங்கரம்மாளுக்குக் கால் எரிச்சல்கூட மறந்துவிட்டது. "இன்னும் ஒரு துண்டு வைக்கச் சொல்லட்டுமா மைனி?" என்று அவளே எழுந்து நின்று உபசரித்தாள். வெள்ளத்துரை தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

நண்டு ஓடு மலையாகக் குவிந்தது. அருணாசலவடிவு கை கழுவிவிட்டு வந்து, சோம்புத் தட்டில் ஒரு சிட்டிகை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப நாங்க கெளம்புதோம். கோவில்பட்டியில ஒரு பொண்ணு இருக்கு. அதையும் பாத்துட்டுச் சொல்லி அனுப்புதேன்."

சங்கரம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. "கை நனைச்சாச்சே மைனி?"

"ஓட்டல்ல தின்னா கை நனைச்சதா? நல்லாருக்கே கதை! உங்க வீட்டுப் படி ஏறினோமா, நீங்க வடிச்ச சோத்தத் தின்னோமா? இது துட்டுக்குப் போடுத சோறு."

அதே ஜன்னல்தானம்மா என்று சப்ளையர் கேட்டது சங்கரம்மாளுக்கு இப்போதுதான் உறைத்தது. போன வாரம் பெண்ணைப் பெற்ற எந்தப் பாவியோ இந்த நாற்காலியில் உட்கார்ந்து உபசரித்திருக்கிறாள்.

சப்ளையர் பில்லைக் கொண்டுவந்து ராமர் முன்னால் வைத்தான். மடிக்குப் போன ராமரின் கையைச் சங்கரம்மாள் இறுக்கிப் பிடித்தாள்.

"எங்க சோறுன்னா சம்மதம் சொல்லிட்டுப் போங்க. ஓட்டல் சோறுன்னா தின்னதுக்குத் துட்ட வச்சிட்டுப் போங்க. ரெண்டுல ஒண்ணு."

"ஏளா, சும்மா இரி! புள்ள வாழ்க்கை..."

"நீங்க சும்மா இருங்க."

"கூலிக்காரப் புத்தி போகுமா?" என்று அருணாசலவடிவு பையை எடுத்தாள்.

"கூலிக்காரிதாம்ட்டி! பொங்கச் சோறுன்னியே, அது என் தலைச் சுமடு. அதப் பாத்துக்கிட்டேதான தின்ன? அதுக்கும் சேத்து வையி!"

பக்கத்து மேஜைகளில் சாப்பாடு நின்றுபோனது. வெள்ளத்துரை பர்சை எடுத்தான். "உள்ள வைலே!" என்று தாய் அவன் கையில் அடித்தாள். அவன் காது சிவந்து, யார் முகத்தையும் பார்க்காமல் நோட்டுகளைத் தட்டில் போட்டுவிட்டுப் படியிறங்கினான்.

"உம்மவள எவன் கட்டுதான்னு பாக்கேன்!" படிக்கட்டு முழுக்க அருணாசலவடிவின் குரல் கேட்டுக்கொண்டே போனது.

"கெடுத்துட்டியேளா" என்றான் ராமர்.

சங்கரம்மாளுக்கும் அது தெரிந்தே இருந்தது. நாளைக்கு உப்பளம் பூராவும் இதுதான் பேச்சு. அடுத்த இடம் எப்போது வரும், வருமா என்றும் தெரியாது.

பகவதி ஜன்னலைப் பார்த்தபடி, "எம்மா, அளத்துக் கங்காணிகிட்ட எனக்கும் ஒரு உப்புப் பெட்டி கேளு" என்றாள்.

"எந்திரிங்க, ஆள் காத்துக் கெடக்கு" என்றான் சப்ளையர்.

சங்கரம்மாள் அருணாசலவடிவின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மகளையும் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"கடலுக்கும் சேத்துத் துட்டு வாங்கிட்டேல்லா? வெளக்கு வைக்கது வரைக்கும் எந்திரிக்க மாட்டோம். போ."