சித்திரையில் கேட்ட கேள்வி

"ஏங்க்கா, சித்திரையில வந்து கேட்டப்ப தரிசுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமா. தரிசாத்தேன் கெடந்துச்சு."

"அப்ப இது என்ன?"

"கண்ணு தெரியலையா தாயி? சோளம்."

ஸ்கூட்டரை வரப்போரம் நிறுத்தியிருந்த நாகஜோதி கைப்பையைத் தரையில் வைத்தாள். ஐப்பசி மழைக்குப் பிறகு சோளம் இடுப்பளவுக்கு நின்றது. ஊடே தட்டைப்பயறு படர்ந்திருந்தது. மாயம்மாள் களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு அவளையே பார்த்தாள்.

குஜிலியம்பாறைக்குப் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்த ஊர். நாட்டின் எரிசக்தித் திட்டத்தால் மண்ணுக்கும் மக்களுக்கும் என்ன பாதிப்பு வரும் என்று மதிப்பிடும் வேலையை ஒரு நிறுவனம் எடுத்திருந்தது. ஊர் ஊராகப் போய்ப் படிவம் நிரப்புவது நாகஜோதியின் பங்கு. சித்திரையில் இந்த ஊரில் மட்டும் முப்பத்தொரு வீடு. 'நிலத்தின் தற்போதைய பயன்பாடு' என்று படிவத்தில் இருந்ததை, "இப்ப நெலத்துல என்ன இருக்கு?" என்று கேட்டாள். முப்பத்தொரு வீட்டிலும் ஒரே பதில். அவளும் தரிசு, தரிசு என்று எழுதிக்கொண்டே போனாள். இன்று போட்டோ எடுக்க மட்டும்தான் வந்தாள்.

"அக்கா, தரிசுன்னா பேப்பருல வேற அர்த்தம். ஒண்ணுக்கும் ஆகாத எடம்னு அர்த்தம்."

"யாரு சொன்னா? அறுத்துட்டு, மழைக்குக் காத்து, செத்த நேரம் படுக்கப் போட்டிருக்கோம். நீயுந்தேன் ராத்திரி படுக்குற. அப்ப உன்னையத் தூக்கிட்டுப் போயிறலாமா?"

வரப்பில் உட்கார்ந்திருந்த பெரியகருப்பன் சிரித்தார். மாயம்மாளின் வீட்டுக்காரர். "தூக்கிப் பாக்கச் சொல்லு. வண்டியோட சேத்துத் தூக்கணும்."

நாகஜோதிக்குச் சிரிப்பு வரவில்லை. "சோலார் தகடு போட தரிசுக்குத்தான் முதல் எடம்னு திட்டத்துலயே எழுதியிருக்கு. அங்க போட்டா பாதிப்பு இல்லைன்னு கணக்கு. ஒங்க மூணு ஏக்கரும் அந்தக் கணக்குல ஏறியிருக்குக்கா. நாந்தான் ஏத்தினேன்."

மாயம்மாள் களைக்கொத்தைக் கீழே போட்டாள்.

"கரண்டு வேணாம்னு நான் சொன்னேனா? வெயிலுக்கா இங்க பஞ்சம்? மில்லுக் கூரைல போடு, ஆபீசுக் கூரைல போடு, நானே ஏணி புடிக்கிறேன். இந்தச் சோளத்தட்டையில்லன்னா மாடு எதைத் திங்கும்? அறுத்த பிறகு ஆடு எங்க மேயும்? இதெல்லாம் நீ கேக்கவே இல்லையே தாயி?"

"கேக்கலக்கா."

நாகஜோதி திண்டுக்கல் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மேலாளர் பெலிக்ஸ் எடுத்ததும் அலுத்துக்கொண்டார்.

"சொல்லுங்க ஜோதி மேடம். போட்டோ அனுப்பலையா இன்னும்?"

"இங்க சோளம் நிக்குது சார்."

"ஓரமா நின்னு எடுங்க. பாறை கீறை இருக்குமே."

"பாறை இருக்கு சார். சோளமும் இருக்கு. முப்பத்தொண்ணும் தப்பு. நான் கேட்ட மாசம் தப்பு, கேட்ட விதமும் தப்பு. பட்டாவுல புஞ்சைன்னுதான இருக்கும்?"

"பட்டா கெடக்கட்டும். இப்ப என்ன பயன்பாடுங்கறதுதான் கேள்வி. மேடம், அஞ்சு மணிக்குச் சென்னைக்கு அனுப்பணும், அங்கருந்து டெல்லி. நான் நாலு நாளா வீட்டுக்குப் போயித் தூங்கல. ஒங்க முப்பத்தொரு வீட்டுக்காக நாடே நிக்குமா?"

"நிக்க வேணாம். படிவத்துக்கு அடியில என் கையெழுத்து இருக்குல்ல சார், அதை அடிச்சிரவா?"

பெலிக்ஸுக்குப் பின்னால் மின்விசிறி கடகடத்தது கேட்டது.

"அடிச்சா அடுத்த வேலைக்கு ஒங்களைக் கூப்பிட முடியாது. தெரியும்ல?"

"தெரியும் சார். அதான் அடிக்கல. திருத்தி அனுப்புறேன். அஞ்சு மணிக்குள்ள."

புதுப் படிவம் கையில் இல்லை. பையிலிருந்த பழைய படிவத்தில் 'குறிப்பு' என்று இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. தரிசு என்பதை அடித்தாள். 'மானாவாரி. ஆவணி முதல் தை வரை சோளம், பயறு. பிறகு ஆடு மேய்ச்சல்' என்று அந்த இடத்தில் நெருக்கி எழுதினாள். அடித்ததற்குப் பக்கத்தில் மாயம்மாள் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

"இன்னும் முப்பது வீடா?" என்றாள்.

"முப்பது."

"ஏய்யா, சைக்கிளை எடு. முன்னால போய்ச் சொல்லு."

பெரியகருப்பன் எழுந்தார். "என்னன்னு சொல்ல?"

"தரிசுன்னு சொன்னவுகள்லாம் வாயக் கழுவிட்டு வாங்கன்னு சொல்லு."

வீடு வீடாகப் போனார்கள். பொன்னழகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டாள்: "இதை அடிச்சுட்டா எடத்தை எடுக்க மாட்டாகளா?"

"எடுத்தாலும் எடுப்பாங்கக்கா. ஒண்ணுமில்லாத எடம்னு சொல்லி எடுக்க முடியாது. அம்புட்டுத்தான்."

"அம்புட்டுக்கா இந்த வெயில்ல அலையிற?"

"அம்புட்டுக்குத்தான்."

அழகுராஜா மட்டும் கையை விரித்தார். "எனக்கு அது தரிசாவே இருக்கட்டும். மகன் திருப்பூர்ல. எனக்கு முட்டி போச்சு. யாரு உழுவா? தகடு வந்தா குத்தகைக்காச்சும் விடலாம்."

மாயம்மாள் பேச வாயெடுத்தாள். நாகஜோதி அவள் கையைப் பிடித்தாள். "விடுங்கக்கா. அவரு நெலம், அவரு பதிலு."

மூன்று வீடு பூட்டிக் கிடந்தது. பகல் ஷிஃப்டுக்கு மில் பஸ்ஸில் போய்விட்டார்கள். மாயம்மாள் ஒரு சொம்பு மோரும் வெங்காயமும் கொடுத்தாள். "தொட்டுக்க வெஞ்சனம்னு ஒண்ணும் இல்ல" என்றாள். நின்றபடியே குடித்துவிட்டு நடந்தார்கள். நாலரைக்கு இருபத்தேழு படிவம் திருந்தியிருந்தது. ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து, சோளத்துக்குள் ஆள் நிற்கிற போட்டோவையும் சேர்த்து அனுப்பினாள். நெட்வொர்க் விட்டுவிட்டு வந்தது. கடைசிப் படிவம் போய்ச் சேர்ந்தபோது அஞ்சுக்கு நாலு நிமிடம்.

பெலிக்ஸ் கூப்பிட்டார்.

"கம்ப்யூட்டர்ல மூணே கட்டம்தான் மேடம். நஞ்சை, புஞ்சை, தரிசு. நீங்க எழுதின கதையெல்லாம் அதுக்குள்ள போகாது."

"புஞ்சைல போடுங்க சார்."

"போட்டா தகடு போடுற எடங்களோட பட்டியல்ல இந்த ஊரு கீழ போயிரும். ஏன்னு கேப்பாங்க."

"கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

"சொல்லத்தான் போறேன்." விசைப்பலகை தட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது. "இருபத்தேழு புஞ்சை, நாலு தரிசு. போயிருச்சு. நாளைக்கு நீங்க தொப்பம்பட்டிப் பக்கம் போக வேணாம். அங்க போட்டோவுக்கு டெய்சியை அனுப்பிக்கிறேன். கொஞ்ச நாள் வீட்டுல ரெஸ்ட் எடுங்க."

அவர் போனை வைத்த பிறகும் நாகஜோதி அதைக் காதிலேயே வைத்திருந்தாள்.

"என்ன சொன்னாரு?" என்றாள் மாயம்மாள்.

"புஞ்சைன்னு போட்டுட்டாருக்கா."

"அது புஞ்சைதான. அப்ப தப்பிச்சிருச்சா?"

"இந்தத் தடவை பட்டியல்ல கீழ போயிருச்சு. வேற யாராச்சும் வருவாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

"ஒனக்கு?"

"எனக்கு ரெஸ்ட்டு."

மாயம்மாளுக்கு அது என்ன ரெஸ்ட் என்று புரிந்தது. முந்தானையில் வைத்திருந்த ஒரு கை பயற்றங்காயை எடுத்து அவள் பைக்குள் போட்டாள்.

நாகஜோதி வண்டியை எடுக்கவில்லை. தொப்பம்பட்டிப் பக்கத்துப் படிவங்களும் அவள் எழுதியவைதான். வைகாசியில். எத்தனை வீடு என்று மனதில் எண்ணிப் பார்த்தாள், நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டாள். மறுபடி போனை எடுத்தாள்.

"ஏ டெய்சி, நாளைக்கு நீதானே போற?"

"ஆமாக்கா, இப்பத்தான் சார் சொன்னாரு. வெறும் போட்டோதானே? தரிசுதானே எல்லாம். ரோட்டுல நின்னே எடுத்துட்டு மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்."

"ரோட்டுல நிக்காத. உள்ள எறங்கு."

"எதுக்குக்கா?"

நாகஜோதி வண்டி சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். கால் வலித்தது.

"சொல்றேன். எழுதிக்க பேனா இருக்கா?"