தானாக ஓடும் நாலு நிமிஷம்

காலை ஒன்பதரைக்கு மணிமொழி கடையைத் திறந்தாள். அவள் நைனா தாண்டவராயன் பதினொரு மணிக்கு வருவார். அதற்குள் நாலு கம்ப்யூட்டரிலும் அந்த வீடியோவை நிறுத்தியாக வேண்டும்.

செஞ்சி தாலுக்கா ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் துரைக்கண்ணு நடத்தும் ஆன்லைன் கடை அது. அவள் வேலைக்குச் சேர்ந்து இன்றைக்கு ஒன்பதாவது நாள். எந்த மெஷினில் பிரவுசரைத் திறந்தாலும் முதலில் வந்து நிற்பது உள்ளூர்ச் செய்திப் பக்கம்தான். மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை என்ன விலைக்குப் போகிறது என்று தினமும் அதில் போடுவார்கள். விலைக்கு மேலே, அதிகம் பேர் பார்த்தது என்று இன்னும் எடுக்காமல் ஒரு வீடியோ. யாரும் தொடாமலே ஓட ஆரம்பிக்கும். ஒன்றரை மாதத்துக்கு முன் திண்டிவனம் ரோட்டில் லாரி அடித்துப் போட்ட அவள் தம்பி எழிலன், சாகிறவரைக்கும் அதில் பேசிக்கொண்டிருப்பான். எடுத்தவன் கை ஆடாமல் எடுத்திருந்தான்.

"அடிபட்டதும் உயிர் போயிடுச்சு நைனா, அவனுக்கு வலியே தெரியல" என்று அவள்தான் வீட்டில் சொல்லியிருந்தாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷன் ஒரு வேளையாவது சோறு தின்கிறார். இன்றைக்கு வாரிசுச் சான்றுக்கு எழுதிப் போட, அவரை நேரில் உட்காரவைத்து போட்டோ பிடிக்க வேண்டும்.

"அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் முதல் பக்கத்த மாத்திக்கிறேனே?"

"பாதி பேரு கமிட்டி வெல பாக்கத்தான் உள்ளயே வர்றான். அத எடுத்துட்டு இன்னா பண்றது?" துரைக்கண்ணு பல் குத்திக்கொண்டே சொன்னார். "வீடியோ தானா ஓடாம வேணா பண்ணிக்கோ. நான் வேணாங்கல."

தாளில் எழுதி வைத்திருந்தபடியே செய்தாள். செட்டிங்ஸ், அதற்குள் அனுமதிகள், அதற்குள் ஆட்டோபிளே. சத்தம், படம் இரண்டையும் தடு. பக்கத்தை மூடித் திறந்து பார்த்தாள். கறுப்புக் கட்டத்தில் ஒரு முக்கோணம் மட்டும் நின்றது. நாலு மெஷினுக்கும் தாளில் டிக் போட்டாள். துரைக்கண்ணு பார்த்துக்கொண்டே இருந்தார்.

பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது. கால் மணியில் திரும்பி வந்தது. நைனாவும் வந்தார், போட்டோவுக்காக முகம் வழித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு.

"வாங்க பெரியவரே, இப்படி உக்காருங்க." துரைக்கண்ணு முதல் மெஷினை ஆன் செய்து பிரவுசரைத் திறந்தார். "மணி, நைனா ஆதாருக்கு ஒரு ஜெராக்ஸ் எடு."

நிம்மதியாகவே பின்பக்கம் போனாள். வெறும் கறுப்புக் கட்டத்தில் அவருக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது? ஆதாரைக் கண்ணாடிமேல் கவிழ்த்து மூடியபோது தம்பி குரல் கேட்டது.

"அண்ணா, தண்ணி குடுங்கண்ணா. எங்க நைனாவுக்கு ஒரு போன் போடுங்கண்ணா."

ஓடி வந்து மவுஸில் கை வைத்தாள். நைனா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உடு. அவன் பேசட்டும்."

"அண்ணே, நிறுத்தி வெச்சனே!"

"கரண்ட் போனா இந்த மெஷினுங்க எல்லாத்தயும் மறந்துடும்மா. கண்டவன் வந்து எதையாச்சும் மாத்தி வெச்சிட்டுப் போறான்னு நான்தான் அப்படி போட்டு வெச்சிருக்கேன். உனக்குச் சொல்லல?" துரைக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தாள்ல எழுதி, டிக்கெல்லாம் அடிச்சிக்கினு இருந்த. எதுக்குக் கெடுப்பானேன்னு உட்டுட்டேன்."

எழிலன் நாலு நிமிஷம் பேசினான். எட்டு தடவை தண்ணி கேட்டான். நைனாவின் நம்பரைக்கூடச் சொன்னான், பத்து எண்ணும் பிசகாமல். நைனா சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"தண்ணி குடுத்தாங்களா?"

"தெரியல நைனா."

"எத்தினி வாட்டி பாத்த நீ?"

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். அதற்குள் திரையில் அடுத்த வீடியோ ஓட ஆரம்பித்திருந்தது. ஏதோ கல்யாண மண்டபத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆடினார்கள்.

"அவனப் போடும்மா."

"வேணாம் நைனா."

"நீ தெனம் பாத்திருக்க. பெத்தவன் நான் பாக்கக் கூடாதா? போடு."

"சீக்கிரம் போட்டு உடும்மா" என்றார் துரைக்கண்ணு. "போட்டோ புடிக்கணும், பின்னால ஆளு நிக்குது."

மணிமொழி பழைய வீடியோவுக்குத் திரும்பினாள். ஒரு தடவை ஓடி முடிந்துவிட்டதால் இந்தத் தடவை அது தானாக ஓடவில்லை. முக்கோணம் அசையாமல் நின்றது. நைனா நாற்காலியை இழுத்துப் போட்டு, திரைக்கு நேராக உட்கார்ந்தார்.

அவள்தான் அமுக்க வேண்டியிருந்தது. அமுக்கினாள்.