வலது பக்கம் ரிப்பேர்

மணிமேகலை குளிர்பெட்டியின் கண்ணாடியில் காதை வைத்துச் சாய்ந்தபோது, சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அவள் ஒருவழியாக அழப்போகிறாள் என்று நினைத்தார்கள்.

"உடுங்க, அழட்டும். அழுதாத்தான் ஆறும்," என்று யாரோ சொன்னார்கள். நாத்தனார் பூவம்மாள் அவள் முதுகைத் தடவிக்கொண்டே தன் அழுகையைக் கொஞ்சம் உயர்த்தினாள், துணைக்கு வருவதுபோல.

மணிமேகலை அழவில்லை. பெட்டிக்கு அடியில் ஓடும் மோட்டாரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சீரான இரைச்சல். அதற்குள் நாலைந்து வினாடிக்கு ஒருமுறை டக்கென்று ஒரு தகரச் சத்தம். ராத்திரியே ஆரம்பித்துவிட்டது. பெட்டியை இறக்கியவன் கன்னடத்தில் ஏதோ சமாதானம் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

கண்ணாடிக்குள் அவள் கணவர் கிருஷ்ணப்பன் மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார். இந்தச் சத்தத்தை அவர் இரண்டு நிமிஷம் பொறுத்திருக்க மாட்டார். ஓசூர் கியர் கம்பெனியில் முப்பத்து மூன்று வருஷம் சத்தம் கேட்பதுதான் அவர் வேலை. ஓடுகிற கியர்பெட்டியின் மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைப்பார். கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு, சரியாக இருந்தால் பச்சை அட்டை, பிசிறு இருந்தால் சிவப்பு. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் காது ஓயாது. மிக்ஸி, மின்விசிறி, பக்கத்து வீட்டு மோட்டார் எதுவும் தப்பாது.

மூன்று மணிக்கு வண்டி சொல்லியிருந்தார்கள். சொந்த ஊரான பேரிகையில் அவர்களுடைய நிலத்தில், மாமனாருக்குப் பக்கத்தில் குழி தயாராக இருந்தது. இப்போது மணி பன்னிரண்டரை.

தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்து சமையலறைக்குப் போனாள். பின்கதவுக்கு வெளியே இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு குரல் பூவம்மாளுடையது. அழுது தொண்டை கட்டியிருந்தது.

"ஒரு சொட்டுக் கண்ணீர் வர்ல பாத்தியா?"

"அவங்க குடும்பமே அப்புடித்தானக்கா?"

"என்னா குடும்பம்? முப்பத்து நாலு வருசத்துல ஒரு சண்ட சத்தம் வெளிய கேட்டதில்ல. அவன் பாட்டுக்குக் காதுல அந்த ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பான். இவ பாட்டுக்கு அடுப்பாண்ட நிப்பா. சண்ட போடறதுக்கும் ஒரு ஆச வேணுமில்ல?"

மணிமேகலை தம்ளரைச் சத்தமில்லாமல் கவிழ்த்து வைத்தாள். பூவம்மாள் கெட்டவள் இல்லை. காலையில் வலுக்கட்டாயமாக வாயில் மோர் ஊற்றியவள் அவள்தான். பொய் சொல்கிறவளும் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

நேற்று சாயங்காலத்திலிருந்து எல்லாமே ஏரித் தண்ணீருக்குள் முங்கிக் கேட்பதுபோல் தூரத்தில் கேட்டது. ஆறு மணி இருக்கும். அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவர் உள்ளறையில் பிரம்பு நாற்காலியில், தலையில் ஹெட்ஃபோனோடு இருந்தார்.

"தொவரம்பருப்பு தீந்துபோச்சு. நாளைக்கு வாங்கணும்," என்றாள், வழக்கம்போல அடுப்பைப் பார்த்து.

வழக்கமாக அங்கிருந்து ஒரு 'ம்' வரும். பருப்பு தீர்ந்தாலும் 'ம்'. பாகலூர் ரோட்டில் லாரி கவிழ்ந்ததைச் சொன்னாலும் 'ம்'. அதற்கு மேலும் கிடையாது, கீழும் கிடையாது.

நேற்று வரவில்லை.

"கேட்டுச்சா?" என்றாள். பிறகு கத்தியைக் கையில் வைத்தபடியே போய்ப் பார்த்தாள். அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஹெட்ஃபோனுக்குள் பாட்டு மட்டும் கொசு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பாட்டு. எண்பத்தேழில் கம்பெனியில் மெஷின் நிறுவ வந்த ஜெர்மன்காரர் ஊருக்குப் போகும்போது ஒரு அட்டைப்பெட்டி நிறைய கேசட்டுகளை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எல்லாம் எழுபதுகளில் அமெரிக்காவில் பதிந்தவை. ஜாஸும் ராக்கும் கலந்த பாட்டுகள். கிடார், எலக்ட்ரிக் பியானோ, நடுவில் சாக்ஸஃபோன். எதுவும் எதையும் இடிக்காது. கல்யாணமான புதிதில் அவள் கேட்டுப் பார்த்தாள். கேட்டோமா இல்லையா என்றே தெரியாமல் ஒரு பக்கம் முடிந்துவிட்டது.

மகன் ஹரீஷ்குமார் கல்லூரியில் படித்தபோது ஒருநாள் நேராகவே சொல்லிவிட்டான்.

"அப்பா, இது லிஃப்ட்ல போடற பாட்டுப்பா. ஏறி எறங்குற வரைக்கும் சும்மா ஓடும். உலகமே அப்படித்தான் சொல்லுது, வேணா நெட்ல பாரு."

"நல்ல லிஃப்ட்டுன்னா ஏறுறதே தெரியக் கூடாதுடா. தெரிஞ்சா பயமாயிடும்."

"பிசிறே இல்லப்பா. அதான் உசிரும் இல்ல."

"பிசிறு இல்லாம ஒண்ணு செஞ்சு பாரு, அப்பறம் உசிரு பத்திப் பேசு. ஒரே வரிய நாப்பது தடவ வாசிச்சிருப்பானுங்க. வார்த்தையக் கேட்டியா நீ? தோத்தவன், ஏமாந்தவன், ஊர ஏமாத்துனவன், அவனுங்களப் பத்தித்தான் பூரா பாட்டும். அழுவாம பாடறான். அதனால உனக்கு வெத்தாத் தெரியுது."

"அம்மாவக் கேளு. அம்மா, நீ சொல்லு."

மாவு பிசைந்த கையோடு அவள் வந்து நின்றாள். இருவரையும் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள்: "உப்பு போடாத உப்புமா மாதிரி இருக்குது."

அவரும் சிரித்தார். அடுத்த சனிக்கிழமை பெரிய கறுப்பு ஹெட்ஃபோன் ஒன்று வாங்கி வந்தார். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் வீட்டுக்குள் அந்தப் பாட்டு சத்தமாகக் கேட்கவில்லை. வாங்கின கொஞ்ச நாளிலேயே வலது பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு, இடது காதில் மட்டும் கேட்க ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டாள். "வலது பக்கம் ரிப்பேர்," என்றார். வேறொன்று வாங்கிக்கொள்ளக் கூடாதா என்றாள். "ம்," என்றார். வாங்கவில்லை.

இரண்டரை மணிக்கு நசீருதீன் வந்தான். கம்பெனியில் அவருக்குக் கீழே வேலை பார்த்து, இப்போது அவர் இடத்தில் இருப்பவன். ஷிப்டிலிருந்து நேராக நீலச் சட்டையோடு வந்திருந்தான். மாலையைச் சாத்திவிட்டுக் கைகட்டி நின்றான். கொஞ்ச நேரத்தில் அவன் தலை லேசாகச் சாய்ந்தது. மணிமேகலையைப் பார்த்தான். அவள் பெட்டியின் இடதுகோடிக் காலைக் கண்ணால் காட்டினாள்.

நசீருதீன் குனிந்து உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து பச்சை அட்டை ஒன்றை எடுத்து நாலாக மடித்து, அந்தக் காலுக்கு அடியில் செருகினான். தகரச் சத்தம் நின்றது.

"செகப்புதான் போட்டிருப்பாரு அண்ணி," என்றான் மெதுவாக.

"பெட்டியையே திருப்பி அனுப்பிருப்பாரு."

பூவம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தாள்.

நசீருதீன் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஹரீஷ் தரையில் இருந்தான். பெங்களூரிலிருந்து ராத்திரி வண்டி ஓட்டி வந்தவன், கண் சிவந்து கிடந்தது.

"அம்மா, அப்பா பாட்டு கொஞ்சம் வெக்கட்டுமா? மெதுவாத்தான்."

"சாவு வீட்டுல என்னாத்துக்குடா ஹோட்டல் பாட்டு?" என்றாள் பூவம்மாள்.

"வைடா," என்றாள் மணிமேகலை.

அவன் செல்போனில் ஒரு பாட்டைப் போட்டு ஜன்னல் திண்டில் வைத்தான். பெண்கள் பேச்சை நிறுத்தவில்லை. யாரோ தண்ணீர் கேட்டார்கள். பேரிகை வண்டி எந்த வழியாகப் போகும் என்று பேச்சு வந்தது. பாதிப் பாட்டில் ஒரு பெண், "எந்த வீட்டு டிவி இது, இந்நேரத்துல?" என்றாள்.

ஹரீஷ் எட்டி எடுத்து நிறுத்தினான். சிரிக்கப் பார்த்தான், உதடு கோணிக்கொண்டது.

"நா சொன்னது சரியாப் போச்சும்மா. இன்னிக்குக்கூட யாரு காதுலயும் விழாம பின்னாடிதான் ஓடுது."

"போன்ல வெச்சா அப்படித்தான் இருக்கும் தம்பி," என்றான் நசீருதீன். "எனக்கும் மொதல்ல சப்புனுதான் இருந்துச்சு. அண்ணன் விடல. ரெண்டு காதுலயும் மாட்டிக் கேளுடா, ஒரு காதுல கிடார், ஒரு காதுல பியானோ, ரெண்டும் பேசிக்கும். ஒரு காதுல கேட்டா பாதி ஆளு பேசறதுதான் காதுல விழும்னு க்ளாஸே எடுத்தாரு."

"அவருதே ஒரு பக்கம் ரிப்பேர் தம்பி," என்றாள் மணிமேகலை. "வலது பக்கம் கேக்காது."

"ரிப்பேரா?" நசீருதீன் பெட்டியைப் பார்த்தான், பிறகு அவளை. "அண்ணனா அண்ணி, ஒரு பொருள ரிப்பேரா வெச்சிருந்தாரு? அவரா?"

அவள் பச்சை அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கம்மா போற?" என்றாள் பூவம்மாள்.

"இதா வர்றேன்க்கா."

உள்ளறையில் எல்லாம் நேற்று இருந்தபடியே இருந்தது. பிரம்பு நாற்காலி, மேஜை மேல் கேசட் டெக், கம்பி சுருண்டு கிடந்த ஹெட்ஃபோன். யாரோ அவர் தலையிலிருந்து கழற்றி வைத்திருந்தார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அதில் உட்கார்ந்தது இல்லை. அவர் உடம்புக்குப் பழகிய பள்ளம் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். கூடத்து அழுகை, ரோட்டு ஹாரன், எல்லாம் ஒரே சமயத்தில் தள்ளிப் போயின. அவர் அழுத்துவதைப் பார்த்திருந்த பொத்தானை அழுத்தினாள். நேற்று பாதியில் நின்ற இடத்திலிருந்து நாடா நகர்ந்தது.

முதலில் அதே பாட்டுத்தான். ஹோட்டல் பாட்டு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

இடது காதில் கிடார் ஒரு சின்னக் கேள்வி மாதிரி எழுந்து நின்றது. அவள் காத்திருந்தாள். வலது காதில், ரொம்பப் பக்கத்தில், நீருக்கு அடியிலிருந்து மணி அடித்ததுபோல் பியானோ பதில் சொன்னது.

மணிமேகலை கண்ணைத் திறந்தாள்.

வலது பக்கத்தைக் கையால் பொத்திப் பார்த்தாள். எடுத்துப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். பியானோ தெளிவாகக் கேட்டது, ஒரு கரகரப்பு இல்லை. புதுசு போல இருந்தது.

நடுவில் ஒருவன் பாடினான். களைத்த குரல். வேடிக்கையான ஒன்றைச் சிரிக்காமல் சொல்கிறவனைப் போலப் பாடினான். இங்கிலீஷ் வார்த்தைகள் பாதிதான் புரிந்தன. யாரோ ஒருத்தி போய்விட்டாள், அல்லது இவன் போகப்போகிறான். அழவில்லை அவன். கீழே டிரம் ஒவ்வொரு அடியாக, துணி விரித்த பலகையில் பாத்திரம் வைப்பதுபோல் இறங்கிக்கொண்டே இருந்தது. ஓர் இடத்தில் ஓர் அடி வரவேண்டியது வராமல், ஒரு மூச்சு தாமதமாக வந்தது. வேண்டுமென்றுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. நாற்பது தடவை வாசித்து அந்த இடத்தில் வைத்திருக்கிறான்.

கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. பெண்களின் வாய் திறந்து மூடியது. பூவம்மாளின் கை மார்பில் விழுந்து எழுந்தது. சத்தமே இல்லை. கண்ணாடிக்குள் அவர் நெற்றியும் ஒரு ரோஜா இதழும் தெரிந்தன. வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் போட்டிருந்தது. எல்லாம் மெதுவாக, பாட்டுக்குள்ளேயே நடப்பதுபோல இருந்தது.

நாற்காலிக்கு வலது பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், சமையலறைக்குப் போகும் வழி. கதவு இல்லாத வழி. அவள் அதைத் திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்து பார்த்தால் அடுப்பும், அடுப்பு முன்னால் ஒருத்தி நிற்கிற இடமும் தெரியும் என்பது இதுவரை அவளுக்குத் தெரியாது.

பாட்டு இரண்டாவது முறை அந்தக் கேள்விக்கு வந்தது.

மணிமேகலை கையைத் தூக்கி, வலது பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள்.

பியானோ போய்விட்டது. அது இருந்த இடத்தில் சமையலறை வந்தது. யாரோ தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். குழாய் ஒழுகியது. இடது காதில் கிடார் கேட்டது, ஒரு தம்ளர் பதில் சொன்னது. மறுபடி கேட்டது. மறுபடி ஒரு தம்ளர், இந்த முறை ஒரு மூச்சு தாமதமாக.

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வாசலில் வண்டி வந்து நின்றதும், பேரிகை ஆட்கள் இறங்கியதும், பெட்டியின் மோட்டாரை யாரோ அணைத்ததும் ஒவ்வொன்றாகக் கேட்டன. தாடையிலிருந்து ஏதோ சொட்டிப் புடவையில் விழுந்தது. துடைக்கவில்லை.

"ஏம்மா மணி," என்று பூவம்மாள் கூடத்திலிருந்து கூப்பிட்டாள். "நேரமாச்சு. எடுக்கப் போறாங்க. கேட்டுச்சா?"

"ம்," என்றாள் மணிமேகலை.