பந்திக் கதவு

பந்தி கெடுவது அடுப்படியில் அல்ல, கதவில். பல முகூர்த்தங்களில் சாம்பார் வாளி தூக்கிய பிறகு கலைமதி கண்டுகொண்டது இது.

கல்யாணக் கூட்டம் மொத்தமாகச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழையும். இடம் கிடைக்காதவர்கள், சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பார்கள். கழுத்தில் மூச்சுப் பட்டால் யார் நிதானமாக மோர் பிசைவார்? எழுந்தவரின் எச்சில் இலையை எடுப்பதற்குள் நின்றவர் உட்கார்ந்துவிடுவார். பிறகு ஒரே வரிசையில் ஒருவர் உப்புக்குக் காத்திருப்பார், பக்கத்தில் இருப்பவர் ரசத்தில் இருப்பார், அதற்கும் அடுத்தவர் பாயசம் கேட்பார். சாம்பார்க்காரி எந்தப் பக்கம் ஓடுவாள்? சோறு எப்போது வடிப்பது என்று சமையல்காரருக்கும் தெரியாது. முன்னாலேயே வடித்தால் ஆறிப்போகும், தாமதித்தால் இலை காத்துக்கிடக்கும்.

ஆகவே கதவைச் சாத்த வேண்டும். உள்ளே ஒரு பந்தி முழுதாக முடிய வேண்டும். மேசைத்தாளை மாற்றி, இலை போட்டு, இனிப்பும் பொரியலும் வைத்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். எல்லோரும் ஒன்றாக உட்காருவார்கள், சோறு ஒன்றாக வரும். ரசவாளி கூடத்துக்குள் நுழைந்ததும் சமையற்கட்டுக்குக் கை காட்டினால் போதும். அடுத்த பந்திக்கான உலை அப்போது தயாராகும்.

காண்ட்ராக்டர் பூவரசன் இதைக் கேட்டுத் தாடையைச் சொறிந்தார்.

"கதவ சாத்துனா கத்துவாங்களேம்மா?"

"நாலு பேரு கத்துவாங்க. சாப்ட்டதும் நல்லாருக்குன்னுட்டுப் போவாங்க, பாருங்க."

"சரி, பாலக்கோட்டுக் கல்யாணத்துல பண்ணிப் பாரு. நல்லா நடந்துச்சுன்னா ஆவணி முழுக்க உன் ஆளுங்கதான்."

கலைமதியின் ஆட்கள் என்றால் அவள் ஊர்ப் பெண்கள். கல்யாணம் இல்லாத நாளில் பாலக்கோட்டு மண்டியில் வெயிலில் உட்கார்ந்து தக்காளி தரம் பிரிப்பவர்கள். பூவரசன் அதுவரை யார் கிடைக்கிறார்களோ அவர்களைக் கூப்பிடுவார். ஆவணி முழுக்க என்றால் அது வேறு வாழ்க்கை. கலைமதி அன்றைக்கே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். ஒவ்வொருத்திக்கும் ஒரு பண்டம், ஒரு வரிசை. ரசத்துக்கு மூத்தவளான காசியம்மாள். கதவுக்குக் காவேரி. பக்கத்து வீட்டுக்காரி, சொன்னால் சொன்னபடி நிற்பவள்.

"யாரா இருந்தாலும் வுடாத. கலெக்டரே வந்தாலும் நான் கை காட்டுனாதான் தெறக்கணும்," என்றாள் கலைமதி.

"கலெக்டரு எங்கக்கா நம்ம பந்திக்கு வரப்போறாரு?" காவேரி சிரித்தாள்.

முகூர்த்தத்தன்று முதல் பந்தி தேர் போல ஓடியது. சோற்றில் ஆவி பறந்தது. கழுத்துக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. பெரியவர் ஒருவர் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கி, "நின்னு நெதானமா போடறீங்கம்மா" என்றார். ரசவாளி நுழைந்தது, கலைமதி சமையற்கட்டுக்குக் கை காட்டினாள். அப்போதுதான் கதவுக்கு வெளியே சத்தம் கேட்டது.

அங்கே நின்றவர் மாது, பெண்ணின் தாய்மாமன். தாய்மாமன் தானாகப் பந்திக்கு வருகிறவர் இல்லை. பெண் வீட்டார் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைக்க வேண்டும். பெண் வீட்டார் அத்தனை பேரும் மேடையில் போட்டோவுக்கு நின்றிருந்தார்கள். காத்துக் காத்துப் பார்த்தவர், தன் ஆட்கள் முன்னால் மானம் போகிறதே என்று தானே எழுந்து வந்திருந்தார். வந்த இடத்தில் காவேரி கதவைத் திறக்கவில்லை.

பசிக்கிறவர்களுக்கெல்லாம் திட்டம் போட்ட கலைமதிக்கு, அழைத்தால்தான் பசிக்கும் ஆட்களும் பந்தியில் உண்டு என்பது தோன்றாமல் போயிருந்தது.

"என் தங்கச்சி பொண்ணு கல்யாணத்துல வாட்ச்மேன்கிட்ட நின்னு சோறு கேக்கணுமாடா நானு? வண்டிய எடுங்கடா!"

பெண்ணின் அப்பா மேடையிலிருந்து ஓடிவந்தார். "மச்சான், மச்சான், எங்க தப்புதான்..."

"இந்தப் பொம்பள நிக்கிற கூடத்துல என் கை நனையாது."

தாய்மாமன் கை நனைக்காமல் போனால் அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஊர் வேறெதையும் பேசாது. பெண்ணின் அப்பா பூவரசனைப் பார்த்தார். எல்லாம் தெரிந்த பூவரசன், மாதுவின் காதில் விழும்படி உரக்கக் கேட்டார்.

"யாரு உன்னைய கதவ சாத்தச் சொன்னது?"

காவேரி கலைமதியைப் பார்த்தாள். "அக்காதான், யாரா இருந்தாலும்..."

கலைமதிக்கு ஆவணி முழுவதும் கண்முன்னே வந்து நின்றது.

"கூட்டத்த நிறுத்தச் சொன்னேன். மாமன நிறுத்தச் சொன்னனா? ஆளு யாருன்னு பாக்கத் தெரியாதா ஒனக்கு? போ, வண்டியில போயி உக்காரு."

காவேரி தலைத்தொப்பியைக் கழற்றிக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு நடந்தாள். வண்டியில் உட்காரவில்லை, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனாள். மாதுவின் கையைப் பிடித்துப் பெண்ணின் அப்பா உள்ளே அழைத்துப் போனார். மற்ற பந்திகளும் முதல் பந்தி போலவே ஓடின.

கடைசியில், பரிமாறியவர்கள் சாப்பிட உட்காரும்போது, பூவரசன் வந்தார்.

"சோறு கடைசி வரைக்கும் சூடா இருந்துச்சுன்னு மாப்பிள்ளை வூட்டுலயே சொல்றாங்க. ஆவணி உன்னுதுதான். கதவுல மட்டும் பொண்ணு வூட்டு ஆளு ஒருத்தர கூட நிறுத்திக்க. அவ்ளோதான் விஷயம்."

அவ்வளவுதான் விஷயம். முந்தின நாள் தோன்றியிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

அவர் போன பிறகு காசியம்மாள் இலையிலிருந்து நிமிராமல் கேட்டாள்.

"அடுத்த கல்யாணத்துல கதவுகிட்ட யாரு நிக்கறது?"

"நானே நின்னுக்கறேன்," என்றாள் கலைமதி.

"நில்லு. ஏதாவது ஆச்சுன்னா எங்கள்ல யாரைக் கை காட்டுவேன்னு இப்பவே சொல்லிரு. அவ மட்டும் அன்னைக்கி மண்டிக்குப் போயிக்கட்டும்."

ஒருத்தி சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக இலையை மடித்து எழுந்தார்கள். கலைமதியின் இலையில் ரசம் ஊற்ற யாரும் இல்லை.